பார்சலை ஒட்டாமல் கொண்டு வாருங்கள்

"இந்தப் பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா? வேறு யாராவது கொண்டுபோகச் சொல்லி ஏதாவது தந்தார்களா?" லக்கேஜ் போடும் கவுண்டரில் இப்படிக் கேட்டால் முதலாவதுக்கு ஓம், இரண்டாவதுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு போர்டிங் பாஸை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். திருகோணமலையிலிருந்து வெளிநாடு போகிறவர்களில் நிறையப் பேருக்கு இந்த இரண்டு பதிலுமே பொய். பெட்டியில் பாதியை அம்மா அடுக்கியிருப்பார், மீதியை அக்கா, ஓரத்தில் அடுத்த வீட்டு மாமியின் மகனுக்கு ஒரு பார்சல், அந்த மகனோடு ஒரே அறையில் இருக்கும் கிண்ணியாப் பெடியனுக்கு அவன் வாப்பா கொடுத்துவிட்ட இன்னொரு பார்சல். எல்லாம் பிரவுண் டேப்பால் சுற்றிச் சுற்றி ஒட்டியிருக்கும். உள்ளே என்ன என்று கேட்டால் "கறித்தூளும் கொஞ்சம் கருவாடும்தான்" என்பார்கள். கேட்டதோடு சரி. பிரித்துப் பார்த்தால் கொடுத்தவருக்கு மரியாதைக் குறைவு என்று விட்டுவிடுவோம்.

நான் டவுனில் விமான ரிக்கற் போட்டுக் கொடுக்கும் ஒரு சின்னக் கடையில் இருக்கிறேன். வருகிறவர்கள் முதலில் கேட்பது விலை, அடுத்தது எத்தனை கிலோ என்பது. பயணம் உறுதியான அன்றே தெரு முழுக்கத் தெரிந்துவிடும், மிச்சமிருக்கிற கிலோவுக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு தாய் வீட்டில் வறுத்து இடித்த தூள், டோஹாவில் எட்டுப் பேரோடு ஒரே அறையில் இருக்கும் மகனிடம் போய்ச் சேர இதைவிட நல்ல வழி கிடையாது. அந்த வழக்கம் அப்படியே இருக்கட்டும். ஒட்டிய பார்சலை வாங்குவதை மட்டும் நிறுத்துவோம் என்பதுதான் நான் சொல்ல வந்தது, அதற்கான காரணத்தைக் கொஞ்சம் நீளமாகவே சொல்லப்போகிறேன்.

1986 ஏப்ரல் 17, லண்டன் ஹீத்ரோ. டெல் அவிவ் போகும் இஸ்ரேலின் எல் அல் விமானத்துக்கு ஒரு ஐரிஷ் பெண் வருகிறார். கர்ப்பிணி. லண்டனில் ஹோட்டல் ஒன்றில் அறை சுத்தம் செய்யும் வேலை. அவருடைய காதலன் நெசார் ஹிந்தாவி என்ற ஜோர்தானியன். நாம் கல்யாணம் கட்டுவோம், நீ முதலில் போ, நான் வேறு விமானத்தில் பின்னால் வருகிறேன் என்று சொல்லி, ஒரு பையையும் கொடுத்து, எயார்போர்ட் வரை கூடவே வந்து வழியனுப்பிவிட்டுப் போகிறான். அந்தப் பை எயார்போர்ட்டின் வழமையான சோதனையைத் தாண்டியே வந்துவிட்டது. கடைசி வாசலில் எல் அல் பாதுகாப்பு ஆள் அந்தப் பெண்ணோடு பேச்சுக் கொடுக்கிறார். எங்கே தங்கப் போகிறாய், யார் ரிக்கற் எடுத்தது, பையை யார் தந்தது. பதில்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. பையில் இருந்ததையெல்லாம் வெளியே எடுத்து வைத்த பிறகும் வெறும் பை பாரமாகவே இருந்தது. அடித்தட்டைக் கிழித்துப் பார்த்தால் கீழே ஒன்றரைக் கிலோ அளவு செம்டெக்ஸ் என்ற வெடிபொருள். அந்த விமானத்தில் போகவிருந்தவர்கள் 375 பேர். அவர்களில் அந்தப் பெண்ணும் ஒருத்தி, அவள் வயிற்றில் அவனுடைய பிள்ளை. அவளுக்கு ஒன்றுமே தெரியாது. ஹிந்தாவிக்கு 45 வருடச் சிறை விழுந்தது.

இந்தச் சம்பவத்தை நான் கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் "அது எங்கேயோ வெள்ளைக்கார நாட்டில், அரசியல் பிரச்சினையில் நடந்தது" என்பார்கள். சரி, அப்படியென்றால் அரசியலே இல்லாத ஒன்று. 1955 நவம்பர் 1, அமெரிக்காவில் டென்வரிலிருந்து கிளம்பிய யுனைட்டட் விமானம் சில நிமிடங்களில் வானத்திலேயே வெடித்து 44 பேர் இறந்தார்கள். டைனமைட்டை வைத்தது அந்த விமானத்தில் போன ஒரு தாயின் மகன். அம்மாவின் பெட்டிக்குள் அம்மாவுக்குத் தெரியாமல் வைத்து, இன்சூரன்ஸ் காசுக்காக, தானே எயார்போர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டிருக்கிறான். விமானத்தில் குண்டு வைப்பது என்று தனியாக ஒரு குற்றமே அப்போது அமெரிக்க மத்திய சட்டத்தில் இல்லாததால், தாயைக் கொன்ற குற்றத்துக்கே அவன் மீது வழக்குப் போட்டார்கள்.

கிட்டத்தில் நடந்த ஒன்று வேண்டுமென்றால் 2017 ஜூலை 15, சிட்னி. லெபனானில் குடும்பத்தைப் பார்க்கப் போகிற ஒருவருக்கு அவருடைய சகோதரர்கள் சாமான் கொடுத்துவிடுகிறார்கள். அதில் இறைச்சி அரைக்கும் மெஷின் ஒன்று. அதற்குள் வெடிபொருள். அபுதாபி போகும் எத்திஹாட் விமானம், ஏறக்குறைய 400 பேர். கவுண்டரில் பை நிறை கூடிப்போனது. கூட வந்த சகோதரன் அந்தச் சாமானை வெளியே எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டான், விமானம் ஒன்றுமறியாமல் பறந்தது. கொண்டுபோக இருந்தவருக்குத் தன் கையில் என்ன தரப்பட்டது என்றே தெரியாது. தெரியாமல் இருந்தும் அவர் லெபனானில் இரண்டு வருடத்துக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டுத்தான் கடைசியில் விடுவிக்கப்பட்டார். ஆஸ்திரேலியாவில் அந்தச் சகோதரர்கள் இருவருக்கும் 40 வருடமும் 36 வருடமும் சிறை. கிலோ கூடியதால் 400 பேர் தப்பினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. வீட்டில் தராசு வைத்து கிராம் கணக்கில் பார்த்து அடுக்கியிருந்தார்கள் என்றால்?

காதலன், மகன், கூடப் பிறந்தவன். மூன்று இடத்திலும் கொடுத்தது நம்பிக்கையான கை. முன்பின் தெரியாதவன் தந்தால் வாங்கமாட்டேன் என்று எல்லோரும் சொல்வார்கள், அது பெரிய விஷயமே இல்லை. தெரிந்தவர் தந்ததைத் திறந்து பார்ப்பதுதான் கஷ்டம்.

பெட்டிக்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்வி விமானப் பாதுகாப்பில் இவ்வளவு பெரிதாக வந்ததற்குக் கனிஷ்காதான் முக்கிய காரணம். கனடாவில் இருக்கும் நம் ஆட்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரிந்திருக்கும். 1985 ஜூன் 23, ரொறொன்ரோ, மொன்றியல் வழியாக வந்த, கனிஷ்கா என்று பெயர் வைத்த எயார் இந்தியா 182 விமானம் அயர்லாந்துக்கு அப்பால் கடலுக்கு மேல் வெடித்தது, 329 பேர். குண்டு இருந்த பெட்டியை வன்கூவரில் போட்டவன் ரிக்கற் எடுத்திருந்தான், ஆனால் விமானத்தில் ஏறவே இல்லை. அவனுக்கு எயார் இந்தியாவில் இடம் உறுதியாகியிருக்கவில்லை, அதனால் பெட்டியை நேரே அந்த விமானத்துக்கு மாற்றிவிட முடியாது என்று கவுண்டரில் இருந்தவர் முதலில் மறுத்திருக்கிறார். பின்னால் வரிசை, முன்னால் இவன் விடாமல் நச்சரிக்கிறான், கடைசியில் சரி என்று போட்டுவிட்டார். ரொறொன்ரோவில் எக்ஸ்ரே மெஷின் இடையில் பழுதாகிவிட்டது, மிச்சப் பெட்டிகளைக் கையில் பிடிக்கும் ஒரு கருவியை வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். அதே நாளில் அதே ஆட்கள் அனுப்பிய இன்னொரு பெட்டி ஜப்பானில் நரிட்டா எயார்போர்ட்டில் வெடித்து, பெட்டி ஏற்றி இறக்கும் தொழிலாளர் இருவர் இறந்தார்கள்.

ஆள் ஏறவில்லை என்றால் பெட்டியை இறக்கு என்ற விதி அதற்குப் பிறகுதான் உலகம் முழுவதும் இறுகியது. அப்படியும் 1988 டிசம்பர் 21இல் ஸ்கொட்லாந்தின் லொக்கர்பி ஊருக்கு மேல் பான் ஆம் விமானம் ஒன்று வெடித்தது. மோல்ட்டாவிலிருந்து ஆளில்லாமல் வந்த ஒரு சூட்கேஸ், அதற்குள் ரேடியோ கசெற் பிளேயர், அதற்குள் குண்டு. விமானத்தில் 259 பேரும் கீழே ஊரில் 11 பேருமாக 270 உயிர். வெடிபொருள் அரைக் கிலோ கூட இருந்திருக்காது என்றுதான் கணக்கிட்டார்கள். நாங்கள் "சின்னப் பார்சல்தானே" என்று வாங்கிப் பெட்டி ஓரத்தில் செருகுகிற அளவு. அவ்வளவு சின்னது அவ்வளவு பெரிய விமானத்தை உடைக்குமா என்று கடையில் ஒரு தம்பி கேட்டான். உயரம்தான் காரணம். 31,000 அடியில் வெளியே காற்றழுத்தம் மிகக் குறைவு, உள்ளே மூச்சு விடுவதற்காக அழுத்தம் கூட்டி வைத்திருக்கிறார்கள், குண்டால் சுவர் கிழிந்தால் உள்ளிருக்கும் அழுத்தம் அந்தக் கிழிசலை இன்னும் பெரிதாக்கிவிடும். 2016இல் சோமாலியாவின் மொகதிஷுவிலிருந்து கிளம்பிய டாலோ விமானத்தில் லப்டொப்பில் வைத்த குண்டு, விமானம் அந்த உயரத்துக்குப் போகுமுன்னே வெடித்தது. பக்கச் சுவரில் பெரிய துவாரம் விழுந்தது, குண்டு கொண்டு வந்தவன் வெளியே போய் இறந்தான், விமானமோ திரும்பி வந்து இறங்கிவிட்டது.

எங்கள் பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1984 ஆகஸ்ட் 2, சென்னை மீனம்பாக்கம். கொழும்பு போகும் எயார் லங்கா விமானத்துக்கென்று போடப்பட்ட பெட்டிகள், போட்டவன் ஏறவில்லை, பெட்டிகள் விமானத்தில் ஏற்றப்படாமல் எயார்போர்ட் கட்டடத்துக்குள்ளேயே கிடந்தன. தொலைபேசியில் எச்சரிக்கை வந்தும் நேரத்துக்கு அகற்றப்படவில்லை. 30 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் இலங்கையரும் இருந்தார்கள். வைத்தது ஒரு தமிழ் ஆயுதக் குழு. 1986 மே 3இல் கட்டுநாயக்கவில் மாலைதீவுக்குப் புறப்பட நின்ற எயார் லங்கா ட்ரைஸ்டார் விமானம் வெடித்து 21 பேர். புறப்பாடு பிந்தியதால்தான் அது வானத்தில் வெடிக்காமல் தரையில் வெடித்தது. அதில் குற்றம் சாட்டப்பட்டது புலிகள். யார் செய்தாலும் ரிக்கற் எடுத்து வந்து காத்திருந்த சனம்தான் செத்தது, அதை நாம் தமிழில் நேராக எழுதிப் பழக வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கள் சனம் செத்ததையும் அதே மாதிரி எழுத வேண்டும். 1998 செப்டம்பர் 29இல் பலாலியிலிருந்து கிளம்பிய லயன் எயார் மன்னாருக்கு அப்பால் சுட்டு வீழ்த்தப்பட்டபோது அதில் இருந்த 55 பேரில் பெரும்பாலானோர் யாழ்ப்பாணத்துத் தமிழர்.

சோதனை என்ற சொல்லைக் கேட்டதும் திருகோணமலை ஆட்களுக்கு முகம் இறுகிவிடும், அதுவும் எனக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டு, அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்து ஒருவரை அந்தப் பக்கம் நிற்கச் சொல்வார்கள். ஏ9 வீதி மூடியிருந்தபோது யாழ்ப்பாணத்துக்குக் கப்பலில் போகிறவர்கள் இங்கே வந்து நாட்கணக்கில் காத்திருந்து, சாமான் முழுவதையும் வெயிலில் கொட்டிக் காட்டிவிட்டு ஏறினார்கள். அரிசிமா பையில் ஒரு கம்பியைக் குத்தி இழுத்துப் பார்ப்பார்கள், அதே கம்பி அடுத்து மிளகாய்த்தூளில், அதற்கடுத்து சீனியில். கம்பி போன ஓட்டையால் மா ஒழுகிக்கொண்டே போகும், கையால் பொத்திக்கொண்டு நடப்போம். எங்களை ஆளாகப் பார்த்து, மொழியைப் பார்த்து, ஊரைப் பார்த்துச் செய்த சோதனை அது. அந்த ஆத்திரம் நியாயமானது, எனக்கும் இருக்கிறது. ஆனால் எயார்போர்ட்டில் பெட்டியைத் திறக்கச் சொன்னதும் அந்தப் பழைய ஆத்திரத்தை அங்கே கொண்டுபோய் வைக்கக்கூடாது. அங்கே பெட்டிக்குள் என்ன என்றுதான் பார்க்கிறார்கள். அந்தப் பெட்டிக்கு மேலேதான் என் தங்கச்சி உட்கார்ந்து பறக்கிறாள்.

அடுத்தது எல்லோரும் கேட்கிற கேள்வி. எக்ஸ்ரே இருக்கிறதே, பிறகு எதற்கு நாங்கள் கவலைப்பட வேண்டும்?

மெஷின் என்ன பார்க்கிறது என்று தெரிந்தால் இது கொஞ்சம் விளங்கும். பெட்டிக்குள் போகும் எக்ஸ்ரே கதிர் சாமானின் அடர்த்தியையும் அது எந்த வகைப் பொருள் என்பதையும் வைத்து நிறம் கொடுக்கும். இரும்பு, செம்பு எல்லாம் நீலம். சாப்பாடு, துணி, பிளாஸ்டிக், சவர்க்காரம் எல்லாம் ஒரேஞ். இடையில் இருப்பவை பச்சை. பிரச்சினை என்னவென்றால் வெடிபொருளும் அந்த ஒரேஞ்சுக்குள்தான் விழும். கட்டியான, எண்ணெய்ப் பிடிப்பான, காற்றிடைவெளி இல்லாமல் இறுகிய சாமான்தான் மெஷினுக்கு முன்னால் இருப்பவரை யோசிக்க வைக்கும். தொதல் துண்டும் பனங்கட்டியும் இறுக்கி அடைத்த தூள் பொதியும் அப்படித்தான் தெரியும், அதற்குப் பக்கத்தில் ஒரு சார்ஜர் வயரையும் பவர் பேங்கையும் சுருட்டி வைத்தீர்கள் என்றால் பெட்டியைக் கட்டாயம் ஓரமாக இழுப்பார்கள். உங்கள் பெயருக்காகவோ பொட்டுக்காகவோ தொப்பிக்காகவோ இழுத்தார்கள் என்று நினைத்து மனம் நோகிற நிறையப் பேருக்கு உண்மைக் காரணம் தொதலும் வயரும் ஒன்றாக இருந்ததுதான். தனித்தனியாக, தட்டையாகப் பரப்பி, ஒளி ஊடுருவும் பையில் போட்டு வையுங்கள்.

சில இடங்களில் ஒரு சின்னத் துணித் துண்டு மாதிரி ஒன்றால் உங்கள் கையையும் பெட்டிப் பிடியையும் துடைத்து மெஷினுக்குள் வைப்பார்கள். வெடிபொருளின் கண்ணுக்குத் தெரியாத தூசு ஒட்டியிருக்கிறதா என்று அது சூடாக்கிப் பார்க்கும். அது மிகவும் கூர்மையானது, அதனாலேயே சும்மாவும் கத்தும். சில கைக் கிறீம்கள், சில உர வகைகள், நெஞ்சு நோவுக்கு நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசை, இவை எல்லாவற்றாலும் கத்தலாம். அந்தக் குளிசையில் இருப்பதே வெடிபொருளிலும் இருக்கும் நைட்ரோகிளிசரின்தானே. தம்பலகாமத்தில் வயலுக்கு உரம் வீசிவிட்டு அதே கையோடு பெட்டியைத் தூக்கி வாகனத்தில் ஏற்றிய ஐயா ஒருவர் எயார்போர்ட்டில் பயந்து போகத் தேவையில்லை, நடந்ததை நிதானமாகச் சொன்னால் போதும். இருதய நோயாளிகள் டொக்டர் எழுதித் தந்த மருந்துத் துண்டைக் கையில் வைத்திருங்கள்.

இவ்வளவு மெஷின் இருந்தும் 2010 ஒக்டோபரில் யேமனிலிருந்து விமானச் சரக்காகப் போன பிரிண்டர்கள் மெஷினில் பிடிபடவில்லை. மைப் பெட்டிக்குள் வெடிபொருள் இருந்தது. சவூதி உளவுத் துறையிலிருந்து தகவல் வந்ததால்தான் தேடினார்கள், பிரிட்டனில் முதலில் சோதித்தபோதுகூட ஒன்றுமில்லை என்றே நினைத்தார்கள். 2006இல் லண்டனில் குளிர்பானப் போத்தலில் திரவ வெடிபொருள் கொண்டுபோகப் போட்ட திட்டமும் விசாரணையால்தான் வெளியே வந்தது. கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவப் போத்தல் கூடாது என்ற விதி அங்கிருந்து வந்ததுதான், உங்கள் மாங்காய் ஊறுகாயையும் கிண்ணியாத் தயிரையும் கையில் கொண்டுபோக விடாததும் அதனால்தான். 2001 டிசம்பரில் ஒருவன் சப்பாத்துக்குள் குண்டோடு ஏறினான், சப்பாத்தைக் கழற்ற வைத்தார்கள், அமெரிக்கா அதை 2025 ஜூலையில்தான் கைவிட்டது. 2009 கிறிஸ்மஸ் அன்று ஒருவன் உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டு வந்தான், உடம்பு ஸ்கேனர் பரவலாக வந்தது. மெஷின் எப்போதும் கடந்த முறை நடந்ததைத்தான் தேடுகிறது. "உங்களுக்கு இதை யார் தந்தது" என்று முகத்தைப் பார்த்துக் கேட்கிற கேள்வி ஒன்றுதான் புதிதாக நடக்கப் போவதையும் பிடிக்கக்கூடியது, ஹீத்ரோவில் பிடித்தது.

அதனால்தான் எனக்கு ஒரு விஷயத்தில் மனம் கொதிக்கிறது. அந்தக் கேள்வியை எங்கள் ஆட்களிடம் பல கவுண்டர்களில் ஆங்கிலத்தில் கேட்கிறார்கள், அல்லது சிங்களத்தில். மூதூர், தோப்பூர்ப் பக்கத்திலிருந்து வீட்டு வேலைக்குப் போகும் ஒரு அக்கா, வாழ்க்கையில் முதல் தடவை விமானம் ஏறுகிறார், கையில் பாஸ்போர்ட்டைப் பிடித்த பிடியில் கை வேர்த்திருக்கும், எதிரே இருப்பவர் திரையைப் பார்த்துக்கொண்டே வேகமாக ஏதோ கேட்கிறார். அக்கா தலையாட்டுகிறார். என்ன கேள்விக்கு ஆட்டினார்? பெட்டியை நானே அடுக்கினேன் என்பதற்கா, வேறு ஆள் தந்தது இருக்கிறது என்பதற்கா? இருவருக்குமே தெரியாது. அந்த அக்காவிடம்தான் "அங்கே இறங்கினதும் ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார்" என்று சொல்லி யாராவது ஒரு பொதியைக் கொடுத்துவிடுவதும் சுலபம், அவர் மறுத்துப் பேசத் தெரியாதவர், வேலை போய்விடும் என்று பயப்படுகிறவர். வெடிபொருளாகவே இருக்க வேண்டும் என்றில்லை, போதைப்பொருள் என்றாலும் சவூதியில் தலை போகும். தமிழில் கேட்க ஒரு ஆளை நிறுத்துவது மரியாதைக்காக மட்டும் கேட்கிற உரிமை கிடையாது, அந்த விமானத்தில் இருக்கும் எல்லோருடைய பாதுகாப்பும் அதில் இருக்கிறது. ஆள் இல்லையென்றால் குறைந்தபட்சம் இரண்டு கேள்வியையும் பெரிய தமிழ் எழுத்தில் மட்டையில் அடித்துக் காட்டட்டும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வரிசையில் நிற்கும் இன்னொருவர் வாசித்துச் சொல்லலாம்.

என் தங்கச்சி ரொறொன்ரோ போனபோது நான் வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். எந்தப் பார்சலும் மேசையில் வைத்துத் திறந்த பிறகே பெட்டிக்குள் போகும், கொடுத்தவரும் பக்கத்தில் இருக்க வேண்டும். உப்புவெளியில் இருந்து எங்கள் தூரத்துச் சொந்த மாமி ஒருவர் வந்தார், மகன் ஸ்காபரோவில். பிஸ்கட் பெட்டி ஒன்று, நாலு பக்கமும் டேப். நான் கத்தரிக்கோலை எடுத்ததும் மாமியின் முகம் மாறிவிட்டது.

"என்ன தம்பி, என்னையே சந்தேகப்படுறியோ? உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான்."

"சந்தேகமில்ல மாமி. அங்க இவளிட்டக் கேப்பாங்கள், உன் கையால அடுக்கினியா எண்டு. இவள் ஓம் எண்டு உண்மையாச் சொல்லோணும். நீங்களே பிரிச்சு இவளின்ர கையில குடுங்கோ."

மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே கத்தரிக்கோலை வாங்கி வெட்டினார். மேலே வீரகேசரித் தாள், அதற்குக் கீழே அங்கர் பால்மா டின்னில் மிளகாய்த்தூள், வாயைப் பொலித்தீனும் றப்பர் பாண்டும் போட்டு இறுக்கியிருந்தார். ஒரு சுற்று புழுக்கொடியல். பாரைக் கருவாடு மூன்று தாளில் சுற்றியும் மணம் அடங்கவில்லை. பத்திரகாளி கோவில் விபூதி, குங்குமம். அதோடு ஒரு பெட்டி கற்பூரம், பேரப்பிள்ளைக்குத் தீபாவளிக்கென்று இரண்டு பெட்டி கம்பி மத்தாப்பு.

கற்பூரமும் மத்தாப்பும் விமானத்தில் ஏறக்கூடாத சாமான். கற்பூரம் சுலபமாகத் தீப்பிடிக்கும் திடப்பொருள் வகையில் வருகிறது, மத்தாப்பு பட்டாசு வகை, கையிலும் கூடாது, கீழே போடும் பெட்டியிலும் கூடாது. மாமிக்கு இது தெரிந்திருக்க நியாயமே இல்லை, அவருக்கு அது சாமி சாமான், பிள்ளை விளையாட்டுச் சாமான். ஒட்டியபடியே போயிருந்தால் கட்டுநாயக்கவில் பிடித்திருப்பார்கள், பதில் சொல்ல வேண்டியவள் என் தங்கச்சி, அவளோ உள்ளே கறித்தூள் என்று நினைத்துக்கொண்டு நின்றிருப்பாள். மாமி அந்த இரண்டையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். மிச்சத்தை அவரே தங்கச்சிக்கு ஒவ்வொன்றாகக் காட்டி, இது இவ்வளவு நாள் இருக்கும், இதை வெயிலில் காயவிடச் சொல்லு என்று சொல்லிச் சொல்லி எடுத்துக் கொடுத்தார். போகும்போது கோபம் இருந்ததா என்றால், இருந்தது கொஞ்சம். அடுத்த கிழமை இன்னொரு வீட்டில் யாரோ ஒட்டிய பார்சலோடு வந்தபோது "பிரிச்சுக் காட்டிப் போட்டுக் குடு" என்று அதட்டியது மாமிதான் என்று கேள்விப்பட்டேன்.

இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. பவர் பேங்கைக் கீழே போடும் பெட்டியில் வைக்காதீர்கள், கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். லித்தியம் பற்றரி தீப்பிடித்தால் மேலே ஆட்கள் கண்டு அணைக்கலாம், கீழே சரக்கு அறையில் யாரும் இல்லை. அடுத்தது, எயார்போர்ட் வரிசையில் "அண்ணா, எனக்குக் கிலோ கூடிட்டு, இந்தப் பையை மட்டும் உங்கட பேரில போடுங்கோ" என்று யாராவது கேட்டால், அழுதுகொண்டு கேட்டாலும், கைக்குழந்தையோடு நின்றாலும், முடியாது என்று சொல்லுங்கள். அவருக்கு உதவ வேண்டுமென்றால் கூடின கிலோவுக்குக் காசு கட்ட உதவுங்கள், அது பிரச்சினையில்லை. உங்கள் பெயர் எழுதிய பட்டி ஒட்டின பைக்குள் இருப்பது எல்லாம் உங்களுடையது, எந்த நாட்டுப் பொலிசும் அப்படித்தான் எடுக்கும்.

அடுத்த மாதம் என் மச்சான் டோஹா போகிறார், 30 கிலோ, அதில் பத்துக் கிலோ ஊருக்கு என்று அவரே சொல்லிவிட்டார். கொடுக்க இருப்பவர்கள் பயணத்துக்கு முந்தின ஞாயிறு பின்னேரம் வீட்டுக்கு வாருங்கள், தராசு வைத்திருப்போம். டேப் ஒட்ட வேண்டாம், பெயரையும் அங்கே வாங்குகிறவரின் போன் நம்பரையும் ஒரு துண்டில் எழுதிக் கொண்டு வாருங்கள், மேசையில் பிரித்து அவர் கையில் கொடுங்கள். டேப் எங்களிடம் இருக்கிறது, பார்த்த பிறகு நாங்களே ஒட்டுவோம்.